பிராந்திக் கடையில் விஸ்கி

எங்கள் செம்பட்டி நாலு ரோட்டில் நின்று டாஸ்மாக் கடை எங்கே என்று யாரையாவது கேட்டால், "பிராந்திக் கடையா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் கையைக் காட்டுவார்கள். அந்தக் கடையில் விஸ்கி இருக்கிறது, ரம் இருக்கிறது, பீர் இருக்கிறது. ஆனால் பெயர் பிராந்திக் கடை. 'விஸ்கிக் கடை' என்று தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் நான் கேட்டதில்லை.

ஆனால் மரியாதை யாருக்கு என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளை பெட்டிக்குள் துணி சுற்றிப் பத்திரமாகக் கொண்டு வருவது பிராந்தி அல்ல, ஸ்காட்ச் விஸ்கி. அதிகாரிக்கு வேலை முடிந்ததும் கொடுத்தனுப்புவது அதே ஸ்காட்ச். பழைய தமிழ்ப் படங்களில் வில்லன் மேஜையில் நிற்கும் வாட் 69-ம் அதே ஜாதி. பெயர் ஒருவருக்கு, மரியாதை இன்னொருவருக்கு என்று எப்படி ஆயிற்று? முப்பது வருஷத்துக்கு மேல் வரி சம்பந்தமான பைல்களைப் புரட்டியவன் நான். குடிக்கிறவர்கள் ருசியைத் தேடுவார்கள். எனக்கு அதற்குப் பின்னால் இருக்கும் சட்டத்தைத் தேடுவதுதான் பழக்கம்.

என் ஊகம் இது. சீமைச் சாராயம் நம் ஊர்களுக்கு வந்து, அதற்கு ஜனங்கள் ஒரு பெயர் வைத்த காலத்தில் துரைமார் குடித்தது பிராந்தியும் சோடாவும்தான். விஸ்கி பிறகு வந்தது. அது வருவதற்குள் சொல் ஊன்றிவிட்டது.

இதற்கு நல்ல சாட்சி ஒருவர் உண்டு, வின்ஸ்டன் சர்ச்சில். 1896-ல் பெங்களூர் கண்டோன்மெண்டுக்கு வந்த இளம் ராணுவ அதிகாரி அவர். பிற்பாடு தன் இளமைக் கால நினைவுகளை எழுதும்போது விஸ்கியைப் பற்றியும் எழுதியிருக்கிறார். ஆரம்பத்தில் அந்த வாடையே தனக்குப் பிடிக்கவில்லை என்றும், 1897-ல் வடமேற்கு எல்லைச் சண்டையில் குடிக்க வேறு ஒன்றும் கிடைக்காமல்தான் பழகிக்கொண்டதாகவும் சொல்கிறார். அவருடைய அப்பா காலத்துக் கனவான்கள் வேட்டைக்குப் போன குளிர்ப் பிரதேசங்களில் தவிர விஸ்கியைத் தொட்டதில்லையாம். அது பிராந்தி சோடாக் காலம் என்கிறார். அப்பா பிராந்தி, மகன் விஸ்கி. நடுவே ஒரு தலைமுறைதான். அதற்குள் ஒரு சாம்ராஜ்யமே குடியை மாற்றிக்கொண்டுவிட்டது.

காரணம் ஒரு பூச்சி.

புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவர்களுக்கு 'டிக்தே' என்றால் இன்னமும் வயிற்றைக் கலக்கும். ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும், எழுத்துப் பிழைக்கு மார்க் போய்விடும். அதில் எங்களைக் கவிழ்ப்பதற்கென்றே வரும் வார்த்தைகளில் ஒன்று 'பில்லோக்ஸெரா'. திராட்சைக் கொடியின் வேரை உறிஞ்சும் பேன் மாதிரியான சின்னப் பூச்சி. அமெரிக்கக் கொடிகளோடு கப்பலேறி பிரான்சுக்கு வந்தது. 1863 வாக்கில் தெற்கே ரோன் ஆற்றுப் பக்கம் கொடிகள் காரணம் தெரியாமல் பட்டுப்போக ஆரம்பித்தன. 1868-ல் மோன்பெலியேவைச் சேர்ந்த பிளான்ஷோன் என்ற தாவரவியல் பேராசிரியரும் அவர் கூட்டாளிகளும் வேரைத் தோண்டிப் பார்த்துப் பூச்சியைக் கண்டுபிடித்தார்கள். 1870-களில் அது ஷராந்த் மாவட்டத்துக்குள் நுழைந்தது. கோன்யாக் பிராந்தி வடிக்கும் மாவட்டம் அது. பூச்சி வருவதற்கு முன் அங்கே சுமார் 2,80,000 ஹெக்டேர் திராட்சை இருந்தது. 1893-ல் மிஞ்சியது 40,000 ஹெக்டேர் அளவுதான்.

எங்கள் திண்டுக்கல் பக்கத்துப் பன்னீர்த் திராட்சை விவசாயிகளிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் உடனே புரியும். ஏழில் ஆறு பங்கு பந்தல் காய்ந்துபோனதற்குச் சமம்.

லண்டன் கிளப்புகளில் கோன்யாக் தட்டுப்பாடு வந்தது, வந்ததும் கலப்படமாக வந்தது. அந்த இடத்தைப் பிடிக்க ஏதாவது ஒன்று தயாராக இருக்க வேண்டுமே. ஸ்காட்லாந்துக்காரர்கள் தயாராக இருந்தார்கள். பத்து இருபது வருஷம் முன்பாகவேதான் விஸ்கியை வெளியூர்க்காரன் வாயில் வைக்கக்கூடிய பொருளாக அவர்கள் மாற்றியிருந்தார்கள். அதைச் செய்தவர்கள் சாராயம் காய்ச்சுகிறவர்கள் அல்ல, மளிகைக் கடைக்காரர்கள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடமே இதுதான்.

ஸ்காட்லாந்தின் பழைய விஸ்கி முளைகட்டிய பார்லியில் செய்வது. மால்ட் என்பார்கள். செம்புப் பானையில் இரண்டு முறை வடிப்பது. ருசி கனமானது, புகை நாற்றம் அடிப்பது, போன மாதம் வாங்கியதற்கும் இந்த மாதம் வாங்குவதற்கும் சம்பந்தமே இருக்காது. 1830-ல் ஈனியஸ் காஃபி என்பவர் புது மாதிரி வடிகலம் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். பானை பானையாக வடிக்காமல் இரவு பகல் நிற்காமல் ஓடும் கோபுர வடிகலம். எந்தத் தானியத்தைப் போட்டாலும் லேசான, மலிவான சாராயம் வரும். இந்தக் காஃபி யார் தெரியுமா? அயர்லாந்தில் எக்சைஸ் இலாகாவின் தலைமை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர்! கள்ளச் சாராயத்தைப் பிடிக்கப் போய் அடிபட்டவர். ஓய்வுக்குப் பிறகு நாங்கள் எல்லாம் கட்டுரை எழுதுகிறோம், அவர் உலகத்துச் சாராயத்தையே மாற்றி வைத்தார்.

கனமான மால்ட் ஒரு பக்கம், லேசான தானியச் சாராயம் ஒரு பக்கம். இரண்டையும் கலக்கலாம் என்று யாருக்குத் தோன்றும்? தேயிலை கலக்கிறவனுக்குத்தான் தோன்றும். அந்தக் காலத்து மளிகைக்காரன் நாலைந்து தோட்டத்துத் தேயிலையைக் கலந்து, தன் கடைக்கென்று ஒரு ருசியை வைத்திருப்பான். வாடிக்கையாளர் அதற்காகவே வருவார். எடின்பரோவில் ஆண்ட்ரூ அஷர் 1853-ல் பல மால்ட்டுகளைச் சேர்த்து ஒரே பெயரில் விற்க ஆரம்பித்தார். அபர்டீனில் ஷிவாஸ் சகோதரர்கள் காபி, தேயிலை, மசாலா விற்ற கடைக்காரர்கள். ராணி விக்டோரியாவின் வீட்டுக்குச் சரக்கு அனுப்புகிற உத்தரவு வாங்கியவர்கள். கில்மார்னாக் என்ற ஊரில் ஜான் வாக்கர் 1820-ல் மளிகைக் கடை திறந்தார். அப்பா இறந்த பிறகு பண்ணையை விற்றதில் வந்த பணம் அதன் முதல். ஜானி வாக்கர் என்று இன்று உலகமே சொல்லும் அந்த ஆசாமி குடிக்காதவர் என்று சொல்வதுண்டு.

மளிகைக்காரனுக்கு வழி திறந்துவிட்டது 1860-ல் கிளாட்ஸ்டன் கொண்டுவந்த சட்டம். அதுவரை வரி கட்டி வெளியே எடுத்த சரக்கைத்தான் கலக்க முடியும். முதல் முழுவதும் வரியிலேயே முடங்கிவிடும். புதுச் சட்டத்தின்படி அரசாங்கப் பூட்டுப் போட்ட பண்டகசாலைக்குள்ளேயே, வரி கட்டுமுன் கலந்து வைக்கலாம். விற்கும்போது வரி கட்டினால் போதும். பைல் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். வரியைத் தள்ளிப்போட முடிந்தால் சரக்கைப் பீப்பாயில் வருஷக்கணக்கில் தூங்க விடலாம். பன்னிரண்டு வருஷப் பழமை என்று இன்று பெருமையாக லேபிளில் போடுகிறார்களே, அதன் அஸ்திவாரம் இந்த ஒரு சலுகைதான்.

ஜான் வாக்கரின் மகன் அலெக்சாண்டர் கெட்டிக்காரர். சதுர பாட்டிலைப் பிடித்தார். பெட்டிக்குள் நெருக்கி அடுக்கலாம், அதிகம் கொள்ளும், கப்பலில் உடைவதும் குறைவு. லேபிளை 24 டிகிரி சாய்த்து ஒட்டினார், எழுத்தைப் பெரிதாகப் போடலாம் என்பதற்காக. பெயர்கள் நீளமாக இருந்தன. வாங்குகிறவர்களோ லேபிளின் நிறத்தைச் சொல்லித்தான் கேட்டார்கள். 1909-ல் கம்பெனி அதற்குப் பணிந்து ரெட் லேபிள், பிளாக் லேபிள் என்றே பெயர் வைத்துவிட்டது. பச்சைப் பாக்கெட், சிவப்புப் பாக்கெட் என்று நாம் பீடி சிகரெட் வாங்குவதில்லையா, அதுபோல.

சரி, ருசிக்கு வருகிறேன். மனைவியின் அண்ணன் மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். போன தீபாவளிக்கு வந்தவன், "மாமா, டூட்டி ஃப்ரீல எடுத்தது, ஒரிஜினல்" என்று ஒரு பிளாக் லேபிளை மேஜைமேல் வைத்தான். அத்தைக்குத் தெரியாமல் வைத்ததாக அவன் நினைப்பு. டாக்டர் எனக்கு அளவு சொல்லியிருக்கிறார், அதற்கும் குறைவாகத்தான் ஊற்றிக்கொண்டேன். சோடா வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் பச்சைத் தண்ணீர் மட்டும்.

முதலில் மூக்குக்கு வருவது இனிப்பு வாசனை. கருப்பட்டி காய்ச்சும் கொட்டகையைத் தாண்டிப் போகும்போது வருமே, அதன் தங்கை மாதிரி. பின்னாலேயே கிஸ்மிஸ் பழம், உரித்த கமலா ஆரஞ்சுத் தோல். தாண்டிக்குடிப் பக்கத்துப் பழம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாக்கில் வைத்ததும் வழவழப்பு. நம் கடைச் சரக்கு தொண்டையில் தீ வைப்பதுபோல இது வைப்பதில்லை. விழுங்கிய பிறகுதான் புகை வருகிறது. விறகடுப்பில் தண்ணீர் தெளித்து அணைத்தால் எழும் அந்த ஈரப் புகை. அது கொஞ்ச நேரம் வாயிலேயே இருந்துவிட்டுப் போகிறது.

ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. புகை வருவது பீட் மண்ணால். சதுப்பில் ஆயிரக்கணக்கான வருஷம் மக்கிய செடி கொடிகள் அது. ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் அதை வெட்டி உலர்த்தி எரித்து, அந்தப் புகையில் பார்லியைக் காயவைப்பார்கள். ஊட்டியைச் சுற்றியும் இதே மண் உண்டு, வெள்ளைக்காரர் காலத்தில் விறகுக்குப் பதில் எரித்திருக்கிறார்கள். வெனிலா மாதிரியான இனிப்பு ஓக் மரப் பீப்பாயிலிருந்து வருவது. பீப்பாய் புதிதல்ல, அமெரிக்காவில் பூர்பன் விஸ்கி வைத்துக் கழித்தது. புதுப் பீப்பாயில்தான் பூர்பன் வைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஒருமுறை பயன்படுத்தியதை அவர்கள் விற்றாக வேண்டும், ஸ்காட்லாந்துக்காரன் சல்லிசாக வாங்கிக்கொள்கிறான். உலர்பழ ருசி ஸ்பெயின் நாட்டு ஷெர்ரி ஒயின் வைத்த பீப்பாயிலிருந்து. தொண்டையில் உறுத்தாததற்குக் காஃபியின் வடிகலத்துக்கும் வருஷங்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

பீப்பாயில் இருக்கும்போது வருஷத்துக்கு நூற்றுக்கு இரண்டு பங்கு ஆவியாகிவிடும். பிரெஞ்சில் இதற்கு 'லா பார் தேசான்ஜ்' என்று பெயர், தேவதைகளின் பங்கு. ஸ்காட்லாந்துத் தேவதைகள் மிதமானவர்கள். நம் வெயிலில் இருப்பவர்கள் மொடாக் குடியர்கள். பெங்களூரில் அம்ருத் கம்பெனிக்காரர்கள் பீப்பாயில் வைத்தால் வருஷத்துக்கு நூற்றுக்குப் பத்துப் பங்கும் அதற்கு மேலும் போய்விடுகிறதாம். ஆனால் அதே வெயிலில் நாலைந்து வருஷத்திலேயே முதிர்ந்துவிடுகிறது. அந்த விஸ்கியை 2004-ல் கிளாஸ்கோவுக்கே கொண்டுபோய் அறிமுகப்படுத்தினார்கள். திருநெல்வேலிக்கே அல்வா என்று நாம் சொல்லும் காரியம்.

பிளாக் லேபிள் போன்ற கலப்பில் பல சாலைகளின் சரக்கு சேர்கிறது, எல்லாம் பன்னிரண்டு வருஷத்துக்குக் குறையாதவை. எந்தச் சாலை மூடினாலும், எந்த வருஷத்துப் பார்லி சரியில்லாவிட்டாலும், பாட்டிலில் வருவது மட்டும் மாறக்கூடாது. கலக்குகிறவனின் வித்தை புதுமையில் இல்லை, மாறாமல் வைத்திருப்பதில் இருக்கிறது. என் வயதுக்காரனுக்கு இந்த ஒழுங்கு பிடிக்கிறது. சிங்கிள் மால்ட்தான் உயர்ந்தது, கலப்பு மட்டம் என்று இப்போதைய இளைஞர்கள் சொல்வதை நான் ஏற்பதில்லை. நல்ல சாம்பார்ப் பொடியில் மல்லி எது, மிளகு எது என்று தனியாகத் தெரிந்தால் அரைத்தவளுக்குக் கை பழகவில்லை என்று அர்த்தம்.

இந்தக் கலப்பை விஸ்கி என்று அழைக்கலாமா என்றே ஒரு வழக்கு நடந்தது. லண்டனில் இஸ்லிங்டன் பகுதி நகரசபை, தானியச் சாராயத்தை விஸ்கி என்று விற்கிறார்கள் என்று கடைக்காரர்கள்மேல் வழக்குப் போட்டது. 1906-ல் மாஜிஸ்ட்ரேட் கடைக்காரர்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார். வியாபாரிகள் கலங்கிப்போனார்கள். அரசாங்கம் ராயல் கமிஷன் வைத்தது. 1909-ல் மால்ட்டும் விஸ்கிதான், தானியமும் விஸ்கிதான், கலப்பும் விஸ்கிதான் என்று கமிஷன் முடித்தது. பிறகு முதல் உலகப் போர். லாயிட் ஜார்ஜ் குடியையே ஒழித்துவிடலாமா என்று யோசித்த சமயம். முழு விலக்குக்குப் பதிலாக, இரண்டு வருஷம் பீப்பாயில் கிடக்காததை விற்கக்கூடாது என்று 1915-ல் சட்டம் வந்தது. சீக்கிரத்திலேயே அது மூன்று வருஷமானது. குடியைக் கட்டுப்படுத்த வந்த சட்டம் ருசியைக் கூட்டிவிட்டது. இன்றுவரை மூன்று வருஷம் ஆகாததை ஸ்காட்ச் என்று சொல்ல முடியாது.

நம் கதை வேறு. 1826-ல் மெக்டவல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சென்னையில் கம்பெனி ஆரம்பித்துத் துரைமார்களுக்கு மதுவும் புகையிலையும் இறக்குமதி செய்தார். பிற்பாடு 1951-ல் விட்டல் மல்லையா அந்தக் கம்பெனியை வாங்கினார். மவுண்ட் ரோட்டில் ஸ்பென்சர் கம்பெனியும் சீமைச் சரக்கு விற்றது. திண்டுக்கல்லுக்கும் ஸ்பென்சருக்கும் உறவு உண்டு. இங்கே அவர்களுக்குச் சுருட்டுத் தொழிற்சாலை இருந்தது. திண்டுக்கல் சுருட்டு சர்ச்சிலுக்குப் போனது என்று ஊரில் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். ஆக, ஒரே கம்பெனியின் வழியாக எங்கள் ஊர்ப் புகை சீமைக்குப் போயிற்று, சீமைப் புகை பாட்டிலில் இங்கே வந்தது.

ஆனால் நம் ஜனங்கள் குடித்தது இரண்டும் இல்லை. கள்ளும், கள்ளிலிருந்து வடித்த சாராயமும்தான். 1886-ல் சென்னை மாகாணத்தில் அப்காரிச் சட்டம் வந்தது. மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம், வடிப்பதற்கு ஏகபோகம். ஊர் ஊராக வடித்துக்கொண்டிருந்தது போய், பெரிய ஆலைகளிலிருந்து சாராயம் வந்தது. கடலூருக்குப் பக்கத்தில் நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை இருக்கிறது. சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் மொலாசஸ் பாகிலிருந்து சாராயம் வடித்து அரசாங்கத்துக்குக் கொடுத்தவர்கள் அவர்கள். நான் புதுச்சேரிப் பையன், பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போது அந்தப் புளித்த வாடை எனக்கு நன்றாகத் தெரியும். இன்று நம் கடையில் 'விஸ்கி' என்று விற்பதில் பெரும்பகுதிக்கு மூலம் அந்த மொலாசஸ் சாராயம்தான். அதில் நிறமும் வாசனையும், விலை கூடியதாக இருந்தால் கொஞ்சம் ஸ்காட்லாந்து மால்ட்டும் சேர்ப்பார்கள். தானியத்தில் செய்யாததை ஐரோப்பாவில் விஸ்கி என்று விற்க முடியாது. அங்கே ராயல் கமிஷன் உட்கார்ந்து எது விஸ்கி என்று தீர்மானித்தது. இங்கே யாரும் உட்காரவில்லை, வரி வந்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள்.

அந்த வரியை வேண்டாம் என்று சொன்னவர் ராஜாஜி. 1937 அக்டோபர் 1-ல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு. பக்கத்து மாவட்டங்களுக்கும் பரவ, கஜானாவில் ஓட்டை விழுந்தது. அதை அடைக்க 1939-ல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். சேல்ஸ் டாக்ஸ் ஆபீஸில் வேலை பார்த்த நண்பர்களிடம், "உங்கள் சம்பளமே கள்ளுக்கடை மூடியதால் வந்தது" என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. 1948-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் காலத்தில் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1971-ல் கலைஞர் தளர்த்தினார், 1974-ல் அவரே மறுபடி மூடினார். 1981-ல் எம்.ஜி.ஆர். திறந்தார். 1983-ல் டாஸ்மாக் பிறந்தது, 2003-ல் சில்லறைக் கடைகளையும் அதுவே எடுத்துக்கொண்டது.

ஸ்காட்சுக்கு இங்கே இவ்வளவு மவுசு வந்தது அந்த மதுவிலக்குக் காலத்தில்தான் என்பது என் முடிவு. சாதாரண ஆளுக்கு ஜெயில். வசதியுள்ளவருக்கு, குடிக்காவிட்டால் உடம்பு தாங்காது என்ற டாக்டர் சர்ட்டிபிகேட்டும் பெர்மிட்டும். அந்தப் பெர்மிட்டே ஒரு அந்தஸ்து. எல்லைக்கு இந்தப் பக்கம் எங்கள் புதுச்சேரியில் மதுவிலக்கு கிடையாது. கோரிமேடு தாண்டி பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். போகும்போது அதே ஆள் கொஞ்சம் பருத்துப் போவார், வேட்டிக்குள் பாட்டில். எங்கள் தெருவில் இருந்த சொல்தாக்கள், பிரெஞ்சு ராணுவத்தில் இந்தோசீனா வரை போய் பென்ஷனோடு திரும்பியவர்கள், விஸ்கியைச் சீண்டமாட்டார்கள். அது இங்கிலீஷ்காரன் மருந்து என்பார்கள். அவர்களுக்குக் கோன்யாக். இந்தப் பக்கத்து ஆட்களுக்கோ ஸ்காட்ச்தான் வேண்டும். கிடைக்காததால் அது உயர்ந்தது, உயர்ந்ததால் யாரும் ருசித்துக் குடிக்கவில்லை. லேபிளைக் குடித்தார்கள். காலி பாட்டிலில் மணி பிளான்ட் வைத்து ஷோகேஸில் நிறுத்தினார்கள். பழைய இரும்புக் கடையில் அந்தக் காலி பாட்டிலுக்குத் தனி விலை உண்டு. ஏன் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஸ்காட்லாந்து மலைக்காரனும் ஒரு காலத்தில் கள்ளச் சாராயம் காய்ச்சியவன்தான். வரி அதிகம், சின்ன வடிகலத்துக்கு அனுமதி இல்லை. அதனால் பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு ஒளித்து வைத்துக் காய்ச்சினார்கள், எக்சைஸ்காரர்களோடு அடிதடி. 1823-ல் ஒரு சட்டம் போட்டார்கள். வருஷத்துக்குப் பத்து பவுன் லைசென்ஸ் கட்டணம், வரி பாதிக்கும் கீழே. சின்ன ஆள் சட்டப்படி பிழைக்கலாம் என்று ஆனது. அடுத்த வருஷமே கிளென்லிவெட் பள்ளத்தாக்கில் ஜார்ஜ் ஸ்மித் என்ற விவசாயி முதல் ஆளாக லைசென்ஸ் எடுத்தார். கள்ளச் சாராயக்காரர்கள் கொளுத்திவிடுவோம் என்று மிரட்டியதால் இடுப்பில் இரண்டு துப்பாக்கியோடு திரிந்தார். அண்டை வீட்டார் ஒவ்வொருவராகப் பின்னால் வந்தார்கள். உலகம் முழுக்க விற்கும் ஸ்காட்ச் அந்தப் பத்து பவுனில் முளைத்தது.

இங்கே 1987-க்குப் பிறகு கள்ளுக்கடை இல்லை. பக்கத்தில் கேரளத்தில் உண்டு, புதுச்சேரியில் உண்டு. பனைமரத்துக் கலயத்தில் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் சில மணி நேரத்தில் கள். ஒன்று உடம்புக்கு நல்லது என்று அரசாங்கமே சொல்லும், இன்னொன்றுக்கு வழக்கு. மதுவே கூடாது என்ற ராஜாஜியின் கட்சி எனக்குப் புரிகிறது, அதில் ஒரு நேர்மை இருக்கிறது. மொலாசஸ் சாராயத்தை அரசாங்கமே கடை போட்டு விற்றுக்கொண்டு, மரத்திலிருந்து இறங்குவதை மட்டும் குற்றம் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. கடைச் சரக்கின் விலையும் கட்டாதவன் எங்கே போவான்? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கூலிக்காரர்கள்தான் பெரும்பாலும்.

ஸ்காட்சுக்கு நல்ல காலம் வந்துகொண்டிருக்கிறது. 2022-ல் பாட்டில் கணக்கில் பிரான்சைத் தாண்டி உலகத்திலேயே அதிகம் ஸ்காட்ச் வாங்கிய நாடு இந்தியா, 21.9 கோடி பாட்டில். அதுவே நாம் குடிக்கும் மொத்த விஸ்கியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான். கோன்யாக்கை வெளிநாட்டுக்கு விற்றுவிட்டு ஸ்காட்ச் குடிக்கும் பிரெஞ்சுக்காரர்களை நாம் முந்தியது பற்றி எனக்கு இரண்டு பக்கமும் கலந்த உணர்ச்சி. 2025 ஜூலையில் பிரிட்டனோடு கையெழுத்தான ஒப்பந்தப்படி ஸ்காட்ச்மேல் இருக்கும் 150 சதவீத இறக்குமதி வரி முதலில் 75 ஆகும், பத்து வருஷத்தில் 40 ஆகும். மச்சினர் மகன் பெட்டியில் இனி வேறு ஏதாவது கொண்டுவரலாம்.

செம்பட்டியிலிருந்து ஆத்தூர் போகும் பக்கம் வரப்புகளில் இன்னும் பனைகள் நிற்கின்றன. பதநீர் இறக்க ஏறுகிறவர்கள் எனக்குத் தெரிந்து இரண்டே பேர். இருவருக்கும் அறுபதைத் தாண்டிவிட்டது. பிள்ளைகளில் ஒருவன் திருப்பூரில் பனியன் கம்பெனி, இன்னொருவன் துபாய்.